பழைய திருகு மரை லென்ஸ்களும் புதிய கேமராக்களும்: வாசகர் கேள்வி – பதில்

சோவியத் நாட்டிலும் கிழக்கு ஜெர்மனியிலும் ஜப்பானிலும் 1950-களிலிருந்து 1980-கள் வரை செய்யப்பட்ட, திருகிப் பொருத்தும் லென்ஸ்களைப் பற்றிச் சென்ற இதழில் சில வரிகள் எழுதியிருந்தோம். அதைப் படித்துவிட்டு வீட்டு அலமாரியிலிருந்து பழைய லென்ஸைத் தேடி எடுத்தவர்களும், இணையத்தில் வாங்கிவிட்டு அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் நிற்பவர்களும் நிறைய எழுதியிருக்கிறார்கள். ஒரே ஐயத்தைக் கேட்ட கடிதங்களை ஒன்றாக்கி, இந்த இதழின் பக்கங்களை முழுவதுமாக அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி (கும்பகோணம் வாசகர்): என் தந்தை பயன்படுத்திய ஸெனிட் கேமராவின் ஷட்டர் பழுதாகிவிட்டது. அதிலிருந்த ஹீலியோஸ் 44-2 லென்ஸ் நன்றாகவே இருக்கிறது. இதை இப்போதைய மிரர்லெஸ் கேமராவில் பொருத்த முடியுமா? எந்த நிறுவனத்தின் கேமராவை வாங்கினால் பொருந்தும்?

பதில்: பொருத்தலாம். சோனி, ஃபூஜி, நிக்கான் இஸட், கேனான் ஆர் என்று எந்த மிரர்லெஸ் கேமராவை வாங்கினாலும் அதற்குரிய அடாப்டர் கிடைக்கும். ஆனால் அது ஏன் பொருந்துகிறது என்பதைத் தெரிந்துகொண்டால், இந்தத் துறையில் பின்னால் வரக்கூடிய பாதிக் குழப்பங்கள் வராமலே போய்விடும் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

உங்கள் லென்ஸின் பின்புறத்தில் 42 மி.மீ. விட்டமுள்ள, சுற்றுக்கு 1 மி.மீ. முன்னேறுகிற மரை இருக்கிறது. எம்42 என்று அழைக்கப்படும் இந்த மரை, 1949-இல் டிரெஸ்டன் நகரத்துத் தயாரிப்புகளான கான்டாக்ஸ் எஸ், பிராக்டிகா ஆகிய கேமராக்களின் வழியாகப் பரவியது. 1957-இல் ஜப்பானின் அசாஹி நிறுவனம் தன் பென்டாக்ஸ் கேமராவுக்கும் இதையே எடுத்துக்கொண்டது. யாஷிகா, ஃபூஜிகா, மாமியா, சினான் முதலிய பெயர்களிலும் இதே மரையுடன் கேமராக்கள் வந்தன; 39 மி.மீ. மரையோடு தொடங்கிய சோவியத் ஸெனிட் கேமராக்களும் 1960-களில் இதற்கு மாறின. ஒரு நாட்டின் லென்ஸை வேறொரு நாட்டின் கேமராவில் எந்தத் தடையுமின்றித் திருகிப் பொருத்த முடிந்த காலம் அது. இன்று ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஒரு மவுன்ட் (லென்ஸைப் பொருத்தும் அமைப்பு) வைத்துக்கொண்டு வாடிக்கையாளரைக் கட்டிப்போடுவதைப் பார்க்கும்போது, அந்தப் பொதுத்தன்மையின் அருமை புரிகிறது.

மரையைவிட முக்கியமானது ஒரு தூரம். லென்ஸ் வந்து அமரும் உலோக முகப்பிலிருந்து ஃபிலிம் வரை, இன்றைய கேமராவில் சென்சார் வரை, உள்ள இடைவெளி எம்42-க்கு 45.46 மி.மீ. ஆகும். கேமராவுக்குள் காட்சியை வ்யூஃபைண்டருக்குத் திருப்பும் கண்ணாடி (மிரர்) ஒன்று மேலெழுந்து கீழிறங்குவதற்கு இடம் வேண்டியிருந்ததால் அந்தக் கால எஸ்எல்ஆர் கேமராக்களுக்கு இவ்வளவு ஆழம் தேவைப்பட்டது. மிரர்லெஸ் கேமராவில் அந்தக் கண்ணாடி இல்லாததால் இடைவெளி வெகுவாகச் சுருங்கிவிட்டது: சோனி ஈ மவுன்ட்டில் 18 மி.மீ., ஃபூஜி எக்ஸ் மவுன்ட்டில் 17.7 மி.மீ., நிக்கான் இஸட் மவுன்ட்டில் 16 மி.மீ., கேனான் ஆர்எஃப் மவுன்ட்டில் 20 மி.மீ. குறைகிற தூரத்தை நிரப்பிக் கொடுக்கும் வெற்று உலோகக் குழாய்தான் அடாப்டர். சோனிக்கு அது 27.46 மி.மீ. நீளம் இருக்க வேண்டும். கேனான் ஆர்எஃப்புக்கு 25.46 மி.மீ. அதற்குள் லென்ஸ் கண்ணாடி எதுவும் கிடையாது என்பதால் லென்ஸின் தரம் கொஞ்சமும் குறையாது.

கண்ணாடி இல்லாத குழாய்தானே என்று கிடைத்த மலிவான அடாப்டரை வாங்குவதும் சரியல்ல. 50 மி.மீ. லென்ஸ் ஒன்று சென்சாரிலிருந்து பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் கூடுதலாகத் தள்ளி நின்றாலே, அதன் ஃபோகஸ் ஏறத்தாழ 25 மீட்டரோடு நின்றுவிடும். அதற்கு அப்பால் உள்ள எதுவும் முழுக் கூர்மையோடு வராது. அதனால்தான் பெரும்பாலான அடாப்டர்களைக் கணக்கைவிடச் சற்றுக் குட்டையாகச் செய்கிறார்கள். அப்போது ஃபோகஸ் வளையம் முடிவிலிக் குறியைத் தொடுவதற்குச் சற்று முன்பே தொலைவுக் காட்சி கூர்மையாகிவிடும். தூரக் குறிகளை மட்டும் நம்ப முடியாது என்பதைத் தவிர அதில் தொல்லை ஒன்றுமில்லை. அடாப்டர் வந்தவுடன் மொட்டை மாடிக்குப் போய், தொலைவிலுள்ள கோபுரத்தின் கலசத்தைத் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். வளையத்தைக் கடைசிவரை திருப்பியும் கலசம் மங்கலாகவே இருந்தால் அந்த அடாப்டரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

கேள்வி (கோயம்புத்தூர் வாசகர்): என்னிடம் நிக்கான் டிஎஸ்எல்ஆர் இருக்கிறது. எம்42 அடாப்டர் போட்டு 50 மி.மீ. லென்ஸைப் பொருத்தினேன். அருகில் இருப்பவர்கள் தெளிவாக வருகிறார்கள். தெருக்கோடியும் மலையும் மங்கலாகவே இருக்கின்றன. லென்ஸ் கெட்டுவிட்டதா?

பதில்: லென்ஸில் பழுதில்லை. மேலே சொன்ன தூரக் கணக்குதான் இங்கே எதிராக வேலை செய்கிறது. நிக்கான் எஃப் மவுன்ட்டின் இடைவெளி 46.5 மி.மீ.; எம்42 லென்ஸுக்கு வேண்டியதோ 45.46 மி.மீ. அடாப்டர் எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் லென்ஸ் 1 மி.மீ.-க்குச் சற்று மேலாக முன்னால் தள்ளித்தான் நிற்கும். அந்த ஒரு மில்லிமீட்டரால் 50 மி.மீ. லென்ஸின் ஃபோகஸ் இரண்டரை மீட்டர் அளவிலேயே முடிந்துவிடுகிறது. 135 மி.மீ. லென்ஸாக இருந்தால் 17 மீட்டர் வரை போகும். உருவப்படமும் பூக்களும் மட்டும் எடுப்பவருக்கு இது போதும். இயற்கைக் காட்சி எடுப்பவருக்குப் போதாது.

நடுவில் ஒரு சிறு லென்ஸ் கண்ணாடி வைத்த அடாப்டர்கள் இந்தக் குறையைத் தீர்ப்பதாகச் சொல்லி விற்கப்படுகின்றன. தொலைவு தெரியும் என்பது உண்மை. ஆனால் மலிவான கண்ணாடி ஒன்றின் வழியாக நல்ல லென்ஸ் ஒன்றைப் பார்க்க வைப்பதில் பொருளில்லை என்பதே என் கருத்து. லென்ஸுக்குள் ஒளியை விடும் துளையை (அபெர்ச்சர்) முழுதாகத் திறந்து எடுக்கும்போது படத்தின் மேல் ஒரு மங்கல் படிவது தெளிவாகவே தெரியும். கேனான் டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை: அதன் இடைவெளி 44 மி.மீ. என்பதால் 1.46 மி.மீ. தடிமனுள்ள வளையம் ஒன்றே போதும். அங்கே கவனிக்க வேண்டியது வேறு. பின்பக்கக் கண்ணாடி நீட்டிக்கொண்டிருக்கும் சில லென்ஸ்களை முடிவிலிக்குத் திருப்பும்போது, ஃபுல் ஃபிரேம் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் கொண்ட) கேமராவின் ஆடும் கண்ணாடி அதில் இடிக்கக்கூடும். முதல் சில படங்களைத் திரையில் பார்த்து எடுக்கும் லைவ் வியூவில் எடுத்துச் சோதித்துக்கொள்வது நல்லது. பென்டாக்ஸ் கே மவுன்ட், 1975-இல் வந்தபோதே எம்42-இன் அதே 45.46 மி.மீ. இடைவெளியை வைத்துக்கொண்டது. பழைய லென்ஸ் வைத்திருந்தவர்களைக் கைவிடாத அந்த முடிவு பாராட்டுக்குரியது.

கேள்வி (திருச்சி வாசகர்): சோர்கி கேமராவிலிருந்து கழற்றிய ஜூபிட்டர்-8 லென்ஸ் வாங்கினேன். மரை சிறியதாக இருந்ததால் 39-லிருந்து 42-க்கு மாற்றும் வளையம் ஒன்றைப் போட்டு எம்42 அடாப்டரில் திருகினேன். மூக்கு நுனியைத் தவிர எதுவும் ஃபோகஸ் ஆகவில்லை.

பதில்: மரை ஒத்துப்போனதால் லென்ஸும் ஒத்துப்போகும் என்று நினைப்பது இயல்பு; 39 மி.மீ. மரையில்தான் இது பெரும்பாலும் தவறாகிறது. சோவியத் நாட்டின் சோர்கி, ஃபெட் ஆகியவை லைக்கா வழிவந்த ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்கள்; தனிச் சாளரம் ஒன்றின் வழியே பார்த்து ஃபோகஸ் செய்பவை. அவற்றில் ஆடும் கண்ணாடி கிடையாது, இடைவெளி 28.8 மி.மீ. மட்டுமே. தொடக்கக் கால ஸெனிட் எஸ்எல்ஆர் கேமராக்களிலும் மரை 39 மி.மீ.தான், ஆனால் இடைவெளி 45.2 மி.மீ. நீங்கள் வாங்கியது முதல் வகை. உங்கள் இணைப்பில் அது 16 மி.மீ.-க்கும் மேலாக முன்னால் தள்ளி நிற்கிறது. அந்த மாற்று வளையத்தை எடுத்துவிட்டு, லைக்கா 39 மரைக்கென்று தனியாக விற்கப்படும் மெல்லிய அடாப்டரை வாங்குங்கள். நல்ல லென்ஸ், ஏமாற்றாது. பழைய ஸெனிட்டின் 39 மி.மீ. லென்ஸ் வைத்திருப்பவர்கள்தாம் அந்த வளையத்தைப் போட்டு எம்42 அடாப்டரில் பயன்படுத்த வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ரேஞ்ச்ஃபைண்டருக்கான அகலக் கோண லென்ஸ்களின் பின்கண்ணாடி சென்சாரை ஒட்டி அமர்வதால், ஒளி ஓரங்களில் மிகச் சாய்வாக விழுகிறது. சென்சாரின் மேலுள்ள கண்ணாடித் தகடு அந்தச் சாய்ந்த ஒளியைச் சிதைத்து ஓரங்களை இழுத்த மாதிரி ஆக்கிவிடும். எஸ்எல்ஆருக்காகச் செய்த எம்42 லென்ஸ்கள் தொலைவில் நிற்பதால் அவற்றுக்கு இந்தத் தொல்லை பெரிதாக இல்லை.

கேள்வி (காரைக்குடி வாசகர்): லென்ஸைப் பொருத்தினால் கேமரா "லென்ஸ் இல்லை" என்று காட்டுகிறது; ஷட்டர் இயங்க மறுக்கிறது.

பதில்: பழைய லென்ஸில் மின் தொடர்பு இல்லாததால் கேமராவுக்கு அது இருப்பதே தெரியாது. மெனுவுக்குள் லென்ஸ் இல்லாமலும் ஷட்டரை இயக்க அனுமதிக்கும் அமைப்பு இருக்கும். சோனியில் ரிலீஸ் வித்தவுட் லென்ஸ் என்றும் ஃபூஜியில் ஷூட் வித்தவுட் லென்ஸ் என்றும் இருக்கும். அதை இயக்கிவிட்டு அபெர்ச்சர் ப்ரையாரிட்டியில் வைத்தால், துளையை நீங்கள் லென்ஸில் திருப்ப, ஷட்டர் வேகத்தைக் கேமராவே கணித்துக்கொள்ளும். பாடிக்குள் அசைவுக் கட்டுப்பாடு உள்ள கேமராவாக இருந்தால் குவியத் தூரத்தையும் நீங்களே மெனுவில் பதிய வேண்டும். சென்சார் சிறியது என்பதற்காக எதையும் பெருக்கிப் போடாமல் லென்ஸின் மேல் பொறித்துள்ள எண்ணை, ஹீலியோஸ் 44-2 என்றால் 58 என்பதை, அப்படியே போடுங்கள். தவறான எண்ணைப் போட்டால் கட்டுப்பாடே படத்தை அசைத்துக் கெடுத்துவிடும்.

கேள்வி (புதுச்சேரி வாசகர்): லென்ஸில் எஃப் 2-இலிருந்து எஃப் 16 வரை வளையத்தைத் திருப்பினாலும் உள்ளே இருக்கும் தகடுகள் அசைவதே இல்லை, படத்தின் வெளிச்சமும் மாறவில்லை. பழுது பார்ப்பவரிடம் கொடுக்கலாமா?

பதில்: கொடுப்பதற்கு முன் லென்ஸின் பின்பக்கத்தைப் பாருங்கள். மரைக்கு உட்புறமாகச் சிறு உலோக ஊசி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அதை விரலால் அழுத்திக்கொண்டே துளை வளையத்தைத் திருப்புங்கள். தகடுகள் மூடித் திறந்தால் லென்ஸ் நலமாக இருக்கிறது என்று பொருள்.

வ்யூஃபைண்டரில் காட்சி வெளிச்சமாகத் தெரிய வேண்டும் என்பதற்காக, துளையை எப்போதும் திறந்தே வைத்திருந்து, ஷட்டரை அழுத்தும் கணத்தில் மட்டும் கேமரா அந்த ஊசியைத் தள்ளித் துளையை மூடும் வகையில் பின்னாளைய எம்42 லென்ஸ்களைச் செய்தார்கள். இன்றைய கேமராவில் ஊசியைத் தள்ள ஆளில்லை. சில லென்ஸ்களில் தானியங்கி, கைமுறை என்று மாற்றும் சிறு பொத்தான் இருக்கும். அதைக் கைமுறைக்கு, அதாவது எம் என்ற எழுத்துக்கு, நகர்த்திவிட்டால் போதும். பென்டாக்ஸின் டக்குமார் லென்ஸ்கள் பலவற்றில் அது உண்டு. பொத்தான் இல்லாத லென்ஸுக்கு, உட்புறத்தில் விளிம்பு வைத்து ஊசியை எப்போதும் அழுத்தியே வைத்திருக்கும் அடாப்டரைக் கேட்டு வாங்க வேண்டும். விளிம்பில்லாத அடாப்டர் என்பதால்தான் உங்கள் லென்ஸ் அசையாமல் இருக்கிறது என்று தோன்றுகிறது. ஊசியைப் பசை போட்டு ஒட்டிவிடும்படி சிலர் யோசனை சொல்வார்கள். அதைச் செய்யாதீர்கள், பிறகு அந்த லென்ஸைப் பழைய கேமராவில் யாரும் முறையாகப் பயன்படுத்த முடியாது.

ஹீலியோஸ் 44-2 போன்ற அதற்கு முந்தைய வகையில் ஊசியே கிடையாது. அதில் துளைக்கு இரண்டு வளையங்கள் உண்டு: ஒன்று எல்லையை நிர்ணயிக்கும்; மற்றொன்று முழுத் திறப்புக்கும் அந்த எல்லைக்கும் இடையில் தடங்கலின்றி வழுக்கிக்கொண்டு திரும்பும். எல்லையை எஃப் 5.6-இல் வைத்தால், திறந்து ஃபோகஸ் செய்துவிட்டுக் கண்ணை எடுக்காமலே இரண்டாவது வளையத்தை முட்டும்வரை திருப்பினால் சரியாக 5.6-இல் நிற்கும். எல்லையை 16-இல் வைத்துவிட்டால் இரண்டாவது வளையம் முழுவதும் சத்தமின்றி நகரும். காணொளி எடுப்பவர்கள் இந்த லென்ஸை விரும்பித் தேடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கேள்வி (திருநெல்வேலி வாசகர்): திரையில் வண்ணக் கோடுகள் காட்டும் ஃபோகஸ் பீக்கிங்கை நம்பித்தான் எடுக்கிறேன். பாதிப் படங்களில் கண்களுக்குப் பதிலாகக் காதுதான் கூர்மையாக இருக்கிறது. ஓடியாடும் பிள்ளைகளை இந்த லென்ஸால் எடுக்கவே முடியாதா?

பதில்: 58 மி.மீ. லென்ஸை எஃப் 2-இல் திறந்து வைத்து ஒரு மீட்டர் தொலைவில் உள்ள முகத்தை ஃபுல் ஃபிரேமில் எடுத்தால், கூர்மையாக விழும் ஆழம் மூன்றரை செ.மீ. அளவுதான். பீக்கிங் என்பது மாறுபாடு மிகுந்த விளிம்புகளைக் காட்டுகிறதே தவிர, மிகக் கூர்மையான தளத்தைக் காட்டுவதில்லை. அது வண்ணமிடும் பட்டை பெரும்பாலும் உண்மையான ஆழத்தைவிட அகலமாக இருக்கும். தோராயமாக இடம் கண்டுபிடிக்க அதை வைத்துக்கொள்ளுங்கள். முடிவு செய்ய, காட்சியைப் பெரிதாக்கிக் காட்டும் வசதியைக் கைக்கெட்டும் பொத்தான் ஒன்றில் பதித்து, கண்ணிமையின் முடிகளைப் பார்த்து வளையத்தை மெதுவாகத் திருப்புங்கள். இரண்டு மீட்டருக்குப் பின்வாங்கினால் அதே துளையில் ஆழம் பதினான்கு செ.மீ. அளவுக்குப் பெருகிவிடும், முகம் முழுவதும் அதற்குள் அடங்கும். நான்கு வரையிலான அகலத் துளைகளில், எந்தத் துளையில் எடுக்கப் போகிறீர்களோ அதிலேயே வைத்து ஃபோகஸ் செய்வது நல்லது. சில லென்ஸ்களில் துளையை மூடும்போது கூர்மையின் இடம் சற்று நகர்ந்துவிடும்.

பிள்ளைகளை எடுக்க வேறு வழி இருக்கிறது, பழைய லென்ஸ் இன்றைய லென்ஸை வெல்லும் இடமும் அதுதான். பெரும்பாலான புதிய லென்ஸ்களில் காணாமல் போய்விட்ட ஆழ அளவுகோல் இதன் குழாயில் பொறிக்கப்பட்டிருக்கிறது. 35 மி.மீ. லென்ஸை எஃப் 8-இல் வைத்து ஐந்து மீட்டருக்கு ஃபோகஸ் செய்துவிட்டால், ஏறத்தாழ இரண்டரை மீட்டரிலிருந்து தொடுவானம் வரை கூர்மைக்குள் வந்துவிடும். அதன் பிறகு வளையத்தைத் தொடவே வேண்டாம், பிள்ளைகளின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கலாம். அந்த அளவுகோல் ஃபிலிம் காலத்து அச்சுப் படத்தை மனத்தில் கொண்டு வரையப்பட்டது என்பதால், இன்றைய சென்சாரில் பெரிதாக்கிப் பார்ப்பவர்கள் ஒரு படி கடுமையாக எடுத்துக்கொள்ள வேண்டும். அதாவது எஃப் 8-இல் எடுக்கும்போது 5.6-க்குரிய கோடுகளைப் படித்துக்கொள்ளுங்கள். அடாப்டர் குட்டையாக இருந்தால் தூரக் குறிகள் சற்று மாறியிருக்கும் என்பதால், அளந்து வைத்த ஐந்து மீட்டரில் ஒரு முறை சரிபார்த்துக்கொள்வதும் அவசியம்.

கேள்வி (மதுரை வாசகி): ஹீலியோஸ் லென்ஸில் பின்னணி சுழல்வது போல வரும் என்று பார்த்து ஆசைப்பட்டு வாங்கினேன். என் ஏபிஎஸ்-சி கேமராவில் அப்படி வரவே இல்லை.

பதில்: முதலில் அந்தச் சுழற்சி எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். படத்தின் ஓரத்துக்குச் சாய்வாக வரும் ஒளிக்கற்றையை லென்ஸின் முன் விளிம்பும் பின் விளிம்பும் இரு பக்கமும் நறுக்கிவிடுகின்றன. அதனால் நடுவில் முழு வட்டமாக விழும் ஒளிப்பொட்டு, ஓரத்துக்குப் போகப் போக ஒடுங்கிய கண் வடிவமாகி, மையத்தைச் சுற்றி வளைந்து வரிசைகட்டி நிற்கிறது. கூர்மைத் தளம் தட்டையாக இல்லாமல் வளைந்திருப்பதும் அதோடு சேர்ந்துகொள்கிறது. ஜெர்மனியில் ஸைஸ் நிறுவனம் 1930-களில் வடிவமைத்த 58 மி.மீ. பயோட்டார் லென்ஸின் வழியில் செய்யப்பட்டது ஹீலியோஸ் 44. குணமும் அங்கிருந்து வந்ததுதான்.

சுழற்சி முழுவதும் ஓரத்தில் இருக்கிறது என்பதே உங்கள் கேள்விக்கு விடை. ஃபுல் ஃபிரேமைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சார் படத்தின் நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு ஓரத்தை விட்டுவிடுகிறது. குவியத் தூரத்தை 0.71 மடங்காகச் சுருக்கும் ஃபோகல் ரெட்யூசர் என்ற கண்ணாடி வைத்த அடாப்டர் கிடைக்கிறது. அதைப் போட்டால் 58 மி.மீ. லென்ஸ் 41 மி.மீ. போல நடந்துகொண்டு, இழந்த ஓரத்தின் பெரும்பகுதியைச் சென்சாருக்குள் கொண்டுவரும். வெளிச்சமும் ஒரு படி, அதாவது ஏறத்தாழ இரு மடங்கு, கூடும். இதில் உள்ள கண்ணாடியின் தரம் படத்தில் தெரியும் என்பதால் நல்லதாகப் பார்த்து வாங்க வேண்டும். அது இருந்தாலும் இல்லாவிட்டாலும், துளையை முழுதாகத் திறந்து வைத்து, படத்தில் வருபவரை ஒன்றரை இரண்டு மீட்டரில் நிறுத்தி, அவருக்குப் பின்னால் ஐந்தாறு மீட்டர் தள்ளி இலைகளுக்கிடையே வானம் பொத்துக்கொண்டு தெரியும் வேப்பமரமோ மூங்கில் புதரோ இருக்கும்படி பாருங்கள். வெற்றுச் சுவர் சுழலாது. எஃப் 4-க்கு மூடினால் சுழற்சி அடங்கிவிடும்.

கேள்வி (தூத்துக்குடி வாசகர்): நண்பகல் வெயிலில் எடுத்த படங்கள் வெளுத்துப் பாலாடை படிந்தது போல வருகின்றன.

பதில்: அந்தக் காலப் பூச்சுகள் எதிர்வெயிலைத் தாங்கும் அளவுக்கு வளராதவை. பென்டாக்ஸின் பல்லடுக்குப் பூச்சே 1971-இல்தான் வந்தது. லென்ஸின் முன்னால் பக்க வெளிச்சத்தை மறைக்கும் ஹூட் போடுங்கள். ஹீலியோஸ் 44-2-க்கு 49 மி.மீ. மரையுள்ள ஹூட் பொருந்தும். பலரும் பார்க்கத் தவறுவது அடாப்டரின் உட்சுவர். லென்ஸைக் கழற்றிவிட்டு அடாப்டருக்குள் விளக்கைச் சாய்த்துப் பாருங்கள். சுவர் பளபளத்தால் அந்த ஒளியெல்லாம் சென்சாரில்தான் விழுகிறது. உட்புறத்தில் கறுப்பு வெல்வெட் ஒட்டுத்தாளை இழை உதிராதபடி ஒட்டினால் வித்தியாசம் உடனே தெரியும். இரண்டும் செய்தும் மாறாவிட்டால் லென்ஸுக்குள் பனிமூட்டம் போல ஏதோ படிந்திருக்கிறது என்று கொள்ளலாம். அடுத்த பதிலைப் பாருங்கள்.

கேள்வி (சென்னை, நாகப்பட்டினம் வாசகர்கள் சிலர்): பழைய லென்ஸை வாங்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும்? வாங்கிய பிறகு பூஞ்சை வராமல் எப்படிக் காப்பது?

பதில்: துளையை முழுதாகத் திறந்து வைத்து, கைபேசியின் டார்ச்சை லென்ஸின் பின்பக்கத்திலிருந்து சற்றுச் சாய்வாக அடித்து, முன்பக்கத்திலிருந்து பாருங்கள். நேராகப் பார்த்தால் சுத்தமாகத் தெரிந்த லென்ஸ், சாய்ந்த ஒளியில் எல்லாவற்றையும் காட்டிவிடும். மெல்லிய வேர்கள் போலக் கிளைவிட்டுப் பரவியிருப்பது பூஞ்சை. ஒரே சீராக மங்கியிருப்பது எண்ணெய் ஆவி படிந்தது. அதைத் துடைத்து எடுக்க முடியும். ஓரத்திலிருந்து உள்நோக்கி வானவில் நிறத்தில் திட்டு தெரிந்தால், இரண்டு கண்ணாடிகளை ஒட்டிய பசை விட்டுப்போயிருக்கிறது. அந்த லென்ஸை வாங்க வேண்டாம். நேரில் பார்க்க முடியாவிட்டால் இந்தச் சாய்ந்த ஒளியில் எடுத்த படத்தை விற்பவரிடம் கேளுங்கள். அதை அனுப்பத் தயங்குபவரிடம் வாங்காமல் இருப்பதே நல்லது.

பயமுறுத்தக்கூடியவை ஆனால் பொருட்படுத்தத் தேவையில்லாதவையும் உண்டு. உள்ளே நாலைந்து தூசுகள், கண்ணாடிக்குள் சிறைப்பட்ட சிறு குமிழிகள், முன்கண்ணாடியில் மெல்லிய துடைத்த கீறல் ஆகியவை படத்தில் தெரிவதில்லை. துளைத் தகடுகளில் எண்ணெய் இருந்தால் தானியங்கி லென்ஸ் பழைய கேமராவில் தடுமாறும். நாம் கையால் மூடி வைத்துப் பயன்படுத்துவதால், தகடுகள் இறுதிவரை மூடித் திறக்கும் பட்சத்தில் அது பெரிய குறையாகாது. ஃபோகஸ் வளையம் இறுகியிருந்தால் உள்ளிருக்கும் கிரீஸ் காய்ந்திருக்கிறது. தெரிந்தவரிடம் கொடுத்துப் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம், ஆனால் அந்தக் கூலியையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள்.

பூஞ்சை விஷயத்தில் நம் கடற்கரை ஊர்களுக்கு மாற்று வழியில்லை. ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தியே ஆக வேண்டும். 40-இலிருந்து 50 விழுக்காட்டுக்குள் ஈரப்பதத்தை வைத்திருக்கும் டிரை கேபினட் சிறந்தது. அது இயலாதவர்கள் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளையும் ஈரப்பதமானி ஒன்றையும் போட்டு வைக்கலாம். ஜெல் நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்தி மறுபடியும் போட வேண்டும். லென்ஸோடு வந்த அழகான தோல் உறையில் அதை வைக்காதீர்கள். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு பூஞ்சைக்கு உணவாகவும் ஆகிறது. ஏற்கெனவே பூஞ்சை பிடித்த லென்ஸைத் திறந்து துடைக்கும்வரை மற்றவற்றோடு சேர்த்து வைக்காமல் இருப்பது பாதுகாப்பு. வெயிலில் காட்டினால் பூஞ்சை அடங்கலாம், ஆனால் இழைகள் அங்கேயே இருக்கும். தொடக்கத்திலேயே திறந்து துடைத்தால் தடயமின்றிப் போய்விடும். ஆண்டுக்கணக்கில் விட்டால் பூச்சையும் கண்ணாடியையும் அரித்துவிடும், அதற்கு மருந்தில்லை.

கேள்வி (சேலம் வாசகர்): சூப்பர் டக்குமார் 50 மி.மீ. எஃப் 1.4 வாங்கினேன். வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் பார்த்தால் தேநீர் நிறமாகத் தெரிகிறது. அதில் கதிரியக்கம் இருப்பதாகவும் சொல்கிறார்கள். வீட்டில் வைத்திருக்கலாமா?

பதில்: ஒளிவிலகலைக் கூட்டுவதற்காக அந்தக் காலத்தில் சில கண்ணாடிகளில் தோரியம் சேர்த்தார்கள். இந்த லென்ஸின் எட்டுக் கண்ணாடிகள் கொண்ட முதல் வடிவத்தில் அது இல்லை. பின்னர் வந்த ஏழு கண்ணாடிகள் கொண்ட வடிவத்தில் இருக்கிறது. தோரியத்தின் கதிர்வீச்சே ஆண்டுக்கணக்கில் கண்ணாடியை மஞ்சளாக்குகிறது. கேமராவில் பொருத்திப் படமெடுப்பதாலோ அலமாரியில் வைத்திருப்பதாலோ அஞ்சத்தக்க அளவு கதிர்வீச்சு கிடைத்துவிடாது. செய்யக் கூடாதவை வேறு: கண்ணாடியைத் தேய்த்து மெருகேற்றக் கூடாது, உடைந்தால் தூளை மூச்சில் இழுக்கக் கூடாது, பின்கண்ணாடியைக் கண்ணோடு ஒட்டி வைத்து நெடுநேரம் பார்க்கும் உருப்பெருக்கியாக்கக் கூடாது.

நிறத்தைப் பொறுத்தவரை டிஜிட்டல் கேமராவின் வெண்சமநிலை பெரும்பகுதியைச் சரிசெய்துவிடும். கொஞ்சம் வெளிச்சம் குறைவதைத் தவிர வேறு இழப்பு இல்லை. அதனால் கட்டாயம் சரிசெய்ய வேண்டும் என்பதில்லை. கருப்பு வெள்ளை எடுப்பவர்கள் அதை இயல்பான மஞ்சள் ஃபில்ட்டராகவே வைத்துக்கொள்ளலாம். நிறத்தைப் போக்கித்தான் ஆக வேண்டும் என்றால் புற ஊதா ஒளி அதைப் போக்கும். நம் ஊர் வெயிலில் நேரடியாக வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சூடேறினால் கிரீஸிலிருந்து எண்ணெய் கசிந்து துளைத் தகடுகளில் ஏறும், எஃப் 1.4 லென்ஸ் வெயிலை ஒரு புள்ளியில் குவித்துத் துணியையோ மரத்தையோ பற்ற வைத்துவிடவும் கூடும். சூடேறாத சிறு புற ஊதா எல்இடி விளக்கை, மஞ்சளான கண்ணாடி இருக்கும் பின்பக்கத்தின் மேல் வைத்து, லென்ஸின் முன்பக்கம் சமையலறை அலுமினியத் தாளின் மேல் இருக்கும்படி கவிழ்த்து வையுங்கள். தாள் ஒளியைத் திருப்பி அனுப்பி வேலையை விரைவாக்கும். விளக்கை நேராகப் பார்க்காமல் மேலே ஓர் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துவிடுங்கள். இரண்டு நாளுக்கு ஒரு முறை எடுத்து அதே வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் பார்த்து, நிறம் மேற்கொண்டு மாறாத நிலை வந்ததும் நிறுத்திக்கொள்ளலாம்.